பிறந்த வீடும் இறந்த களமும்

போரில் மடிந்த ஓர் இளைஞனின் வாழ்க்கைக் குறிப்பு என்பது ஈழத்துத் தமிழில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. நினைவு மலர்களிலும், ஆண்டு நாள் வெளியீடுகளிலும், குடும்பத்தார் அச்சிட்டு வழங்கும் சிறு பிரசுரங்களிலும் ஆயிரக்கணக்கில் வெளிவந்த இவ்வெழுத்து, சிறுகதையும் நாவலும் நுழையாத வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. ஆயினும் நமது விமர்சகர்கள் இதனை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. போற்றுகிறவர்கள் இதனை விமர்சிப்பது பாவம் என்று எண்ணுகிறார்கள். வெறுக்கிறவர்கள் இது வெறும் பிரசாரம், இதில் என்ன இலக்கியம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இவ்விரு சாராருக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு: இருவருமே அக்குறிப்பை எழுத்தாக வைத்து வாசிப்பதில்லை.

நாம் வாசிக்க விரும்புகிறோம். ஏனெனில் பல குடும்பங்களுக்குத் தம் பிள்ளையைப் பற்றி அச்சில் எஞ்சியிருப்பது இந்த ஒரு பக்கந்தான். அந்த ஒரு பக்கமும் பொய்யாகவோ வெறுமையாகவோ இருக்குமானால் அது இலக்கியக் குற்றம் மட்டுமன்று.

குறிப்பின் அமைப்பு நாமறிந்ததே. இயக்கப் பெயர், பதவி நிலை, பெற்றோர் இட்ட பெயர், ஊர், பிறந்த நாள். பின்னர் குடும்பம் மூன்று நான்கு வரிகளில் முடிந்துவிடும். படிப்பில் கெட்டிக்காரன், அம்மாவின் செல்லம், பிறர் துயர் பொறுக்காதவன். அதன்பின் ‘தன்னை இணைத்துக்கொண்டான்’ என்ற வினைமுற்று வரும். அந்த இடத்திலிருந்து பேனைக்கு உயிர் வந்துவிடும்; பயிற்சி, முகாம், சமர், துணிச்சல், இறுதிக் கணம் என்று பக்கங்கள் பெருகும். பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த வீட்டுக்கு நான்கு வரி. ஈராண்டு இருந்த முகாமுக்கு நான்கு பக்கம். ஒரு குறிப்பின் குடும்பப் பகுதியை வெட்டி இன்னொன்றில் ஒட்டினாலும் எந்த வாசகரும் கண்டுபிடிக்க மாட்டார். ஒரு மனிதனைப் பற்றிய எழுத்தில் இதைவிடப் பெரிய குறை இருக்க முடியுமா?

‘ஊர்: கண்டாவளை’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்ப்போம்.

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் கிழக்கே முரசுமோட்டைப் பக்கம் போய் வடக்கே திரும்பினால் வருவது கண்டாவளை. தெற்கே இரணைமடு, வடக்கே கடனீரேரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக்குளமே இப்பகுதியின் வாழ்வையும் தாழ்வையும் நிர்ணயித்தது. வாய்க்கால் எட்டுகிற நிலத்துக்குக் காலபோகமும் சிறுபோகமும் உண்டு. எட்டாத நிலம் வானத்தைப் பார்த்திருக்கும். ஒரே ஊரில், ஒரே சாதியில், வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவனும் கடைப்பகுதியில் காணி உள்ளவனும் ஒரே மாதிரிச் சீவிப்பதில்லை. உவர் ஏறிய கடைக்காணிக்காரனுடைய பிள்ளை எந்த வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மாட்டுக்குப் பின்னால் போனான் என்பதைத் தண்ணீர் முறைப் பட்டியலே சொல்லிவிடும்.

அடுத்தது காணி உரிமை. வன்னியின் குடியேற்றக் காணிகளிற் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. துண்டாடக்கூடாது என்பதற்காக இக்காணிக்கு ஒரு பின்னுரித்தாளரே குறிக்கப்படுவது வழக்கம். குறிக்காமல் இறந்தால் பெண்மக்களுக்கு முன் ஆண்மக்களே வரவேண்டும் என்றும் சட்டம் நெடுங்காலம் விதித்திருந்தது. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவனுக்குக் காணி. மற்ற நால்வரும் அக்காணியில் வேலை செய்கிறவர்கள். மூன்றாவது மகனும் நான்காவது மகளும் எதனை விட்டுப் போனார்கள், விட்டுப்போக அவர்களுக்கு என்ன இருந்தது என்ற கேள்விக்கு ‘விவசாயக் குடும்பத்தில் பிறந்தான்’ என்ற வாக்கியம் விடை தராது.

இன்னும் கீழே இறங்குவோம். கண்டாவளையை ஒட்டிய தருமபுரம் முதலிய குடியேற்றங்களில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள், 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தோட்டங்களையும் தெற்கையும் விட்டு ஓடிவந்தவர்கள். இவர்கள் காடு வெட்டினார்கள், கழனி திருத்தினார்கள். ஆனால் அவர்கள் திருத்திய நிலம் பெரும்பாலும் பிறருடையதாகவே இருந்தது. கூலிக்கு நாற்று நட்டும் அருவி வெட்டியும் வாழ்ந்த இக்குடும்பங்களின் பிள்ளைகள் போர்க்களத்தில் பெருந்தொகையாக மாண்டார்கள் என்பது வன்னியில் எவரும் அறிந்த செய்தி. குறிப்புகளில் அது இல்லை. அங்கே அப்பிள்ளையின் ஊர் தருமபுரம், அல்லது கண்டாவளை. தேயிலை மலையிலிருந்து அந்தக் குடும்பம் அங்கே எப்படி வந்தது, வந்த இடத்தில் அவர்களை எந்தப் பெயரால் அழைத்தார்கள், எந்த வீட்டு முற்றத்தில் நிற்க வைத்தார்கள் என்பன எழுதப்படவில்லை. எல்லாரும் ஒரே மண்ணின் மைந்தர் என்ற வாக்கியத்துக்காக ஒரு வர்க்கத்தின் சரித்திரமே அழிக்கப்பட்டது. செத்த பிறகு கிடைத்த சமத்துவம் அது. உயிரோடிருந்தபோது அந்தப் பிள்ளையின் தந்தைக்கு அரை ஏக்கரும் கிடைத்திருக்கவில்லை.

வினைமுற்றையும் நாம் விடமுடியாது. ‘இணைந்தான்’ என்பது தன்வினை. 1983க்குப் பின்னும் 1990க்குப் பின்னும் எத்தனையோ பேர் கண்முன்னே கண்ட கொடுமைகளால் தாமாகவே போனார்கள். அதை மறுப்பது வரலாற்றை மறுப்பதாகும். ஆனால் போரின் இறுதி ஆண்டுகளில், குறிப்பாக 2006க்குப் பின், வன்னியில் வீட்டுக்கொருவர் என்ற கட்டாயம் இருந்தது. பிள்ளையை ஒளித்துவைத்த பெற்றோர், அவசரமாகக் கலியாணம் செய்துவைத்த பெற்றோர், பிடித்துப்போன வாகனத்தின் பின்னால் ஓடிய தாய்மார் எல்லாரும் அந்த ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களும் கொண்டுசெல்லப்பட்டார்கள். அக்காலத்துக் குறிப்புகளிலும் அதே ‘இணைந்தான்’ தான். பிறவினையைத் தன்வினையாக்கிய இந்த ஓர் இலக்கணப் பிழைக்குள் எத்தனை வீடுகளின் ஓலம் புதைந்து கிடக்கிறது!

இவ்வகை எழுத்து வானத்திலிருந்து குதித்ததன்று. நடுகல் மரபும் புறநானூறும் இதற்குப் பின்புலம் என்று பெருமையோடு சொல்லப்படுவதுண்டு. நமது வீரயுகப் பாடல்களை உலகத்து ஏனைய வீரயுக இலக்கியங்களோடு வைத்து ஆராய்ந்த கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் முதன்முதல் மாண்ட போராளியாகிய சங்கர் இறந்தது 1982 நவம்பர் 27. கைலாசபதி மறைந்தது அதற்கடுத்த மாதத்தின் முதல் வாரத்தில். வீரயுகத்தின் சொற்கள் தம் நாட்டில் மறுபடியும் ஊர்வலம் வந்ததை அவர் காணவில்லை. கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. அது கிடக்கட்டும்.

மரபின் பெயரால் எடுக்கப்பட்டது எது, விடப்பட்டது எது என்பதுதான் நமது கேள்வி. ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டில் தந்தையையும் கணவனையும் போரில் இழந்த ஒருத்தி தன் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்புகிறாள். நமது குறிப்பாசிரியர்கள் அவளுடைய அனுப்புதலை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பாட்டு இரண்டாயிரம் ஆண்டு நிலைத்தது அனுப்பியதனால் மட்டுமா? எண்ணெய் காணாத அவனது தலைமயிரில் அவள் எண்ணெய் தடவுகிறாள். அவன் அவ்வளவு சிறியவன். அந்த எண்ணெயில்தான் கவிதை இருக்கிறது. கவிஞரின் அச்சமும் வியப்பும் அங்கேதான் இருக்கின்றன. நம்மவர் வேலை எடுத்தார்கள், எண்ணெயை விட்டார்கள்.

நடுகற்களும் அப்படியே. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாண்ட வீரனின் பெயரோடு அவனுடைய நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது: கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய் அது. கல்லில் உளியால் வெட்டியவனுக்கு எழுத்து ஒவ்வொன்றும் உழைப்பு. அப்படியிருந்தும் அவன் நாயை மறக்கவில்லை. தாராளமாகத் தாள் கிடைத்த நமது காலத்து எழுத்தாளருக்கோ, அந்தப் பையன் வளர்த்த மாடும், புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்கு வண்டில் கட்டிப்போன இரவும், வரம்பில் வழுக்கி விழுந்து தகப்பனிடம் வாங்கிய அடியும் எழுதத்தக்கவையாகத் தோன்றவில்லை.

இக்குறிப்புகளின் தலையாய உருவகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாண்டவர் புதைக்கப்படவில்லை, விதைக்கப்பட்டார் என்று எழுதுவது வழக்கம். உடலுக்கு வித்துடல் என்று பெயர். நகரத்தில் இருந்து எழுதுகிறவருக்கு இது அழகான உருவகம். கண்டாவளையில் விதைப்பு என்பது உருவகமன்று. அது ஐப்பசி மழையும், விதைநெல்லும், முளைக்குமா என்ற கவலையுமாகும். விதைத்தது மூன்றரை நான்கு மாதத்தில் திரும்பி வரும். வராவிட்டால் அழிவு என்று விதானையாரிடம் எழுதிக்கொடுக்க வேண்டும். மண்ணுக்குள் வைத்தது திரும்பி வராது என்பதைக் கமக்காரனுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவனுடைய சொந்தத் தொழிலின் சொல்லைக் கொண்டே அவனுடைய இழப்பை மறைத்தது இந்த உருவகம். வெட்டிக் குவித்த கதிருக்கு வன்னியில் ‘சூடு’ என்று பெயர். துவக்கு வெடிப்பதற்கும் அதே பெயர்தான். போர் நடந்த ஆண்டுகளில் ‘சூடு எப்போது?’ என்று ஒரு கிழவர் கேட்டால் எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் திகைக்க வேண்டியிருந்தது. இந்த மண்ணுக்குரிய உருவகம் வேண்டுமானால் அங்கே கிடந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

இனி ஆனையிறவுக்கு வருவோம். அது கண்டாவளைக்கு வடமேற்கே, வெடியோசை கேட்கும் தூரத்திலேயே உள்ளது. 1991 யூலை 10 அன்று அங்கிருந்த இராணுவ முகாமைப் புலிகள் முற்றுகையிட்டனர். ஒரு மாதம் நீடித்த அச்சமரில் புலிகள் தரப்பில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இராணுவத் தரப்பிலும் பெருந்தொகையான சிப்பாய்கள் மாண்டனர். அந்த ஒரு மாதத்தில் அங்கே மாண்டவர்களுள் இருவரை நாம் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். இப்படிப் பார்ப்பதே இருசாராருக்கும் பிடிக்காது என்பது நமக்குத் தெரியும்.

ஒருவர் காமினி குலரத்ன. கண்டி மாவட்டத்து ஹசலகவைச் சேர்ந்த சிங்களச் சிப்பாய். முகாமை நோக்கி வந்த கவசமிட்ட புல்டோசர் மீது கைக்குண்டுகளோடு ஏறி, யூலை 14 அன்று உயிர்விட்டார். இலங்கை இராணுவத்தின் அதியுயர் விருதாகிய பரம வீர விபூஷண முதன்முதல் வழங்கப்பட்டது அவருக்கே. அந்த புல்டோசர் இன்று கண்டி வீதியோரத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது; தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் அங்கே நிற்கின்றன; மக்கள் இறங்கிப் பார்க்கிறார்கள். அரசு எழுப்பிய இச்சின்னமும் நாம் மேலே பேசிய குறிப்பின் அமைப்பையே கொண்டது: பிறந்த ஊரின் பெயர், பிறகு நேரே இறுதிக் கணம். 1987 தொடங்கி 1989 வரை தெற்கின் கிராமங்களில் சிங்கள இளைஞர்களைச் சுட்டு வீதியில் எரித்த அதே அரசுதான், அதே கிராமங்களில் படைக்கு ஆள் எடுத்தது. காணியில்லாத, வேலையில்லாத சிங்களக் கமக்காரனின் மகனுக்கு அன்று திறந்திருந்த கதவுகள் எத்தனை என்பதை அந்தச் சின்னம் சொல்லாது. சொன்னால் அந்தச் சின்னமே நில்லாது.

மற்றவர் கப்டன் வானதி. அதே சமரில் இறந்த பெண் போராளி, கவிஞர். அவருடைய கவிதைகள் பின்னர் நூலாயின. பெண் போராளிகளின் கவிதைகளைத் திரட்டி 2011இல் வெளிவந்த ‘பெயரிடாத நட்சத்திரங்கள்’ தொகுப்பினாலும் இவ்வகைக் கவிதைகள் பரவலாக அறியப்பட்டன. தான் எழுதாமல் விட்டுச் செல்லும் கவிதையைப் பிறர் எழுதும்படி கேட்கும் அவரது பாட்டு மேடைகளில் எத்தனையோ முறை ஓதப்பட்டது. ஓதியவர்கள் அதனைத் தியாகப் பாட்டாக மட்டும் ஓதினார்கள். நாம் அதை வேறுவிதமாக வாசிக்கிறோம். எழுத நிறைய இருக்கிறது, ஆயுதத்தோடு காவலில் நிற்கிறேன், எழுந்து வர இயலவில்லை என்று சொல்லும் குரல் அது. அதிலே பெருமிதம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எழுதும் வாழ்க்கை தன்னிடமிருந்து பறிபோவதைத் தெளிவாகக் கண்டவருடைய வேண்டுகோளும் அதுவே. அந்த வேண்டுகோளுக்கு விடையாகத்தான் குறிப்பாசிரியர்கள் எழுதியிருக்க வேண்டும். அவர் கேட்டது ஒரு கவிதை; கிடைத்தது ஒரு படிவம்.

எழுதத் தெரிந்த போராளிகள் தங்கள் குறிப்பாசிரியர்களைவிட எவ்வளவு உயர்ந்து நின்றார்கள் என்பதற்கு மலரவனின் ‘போர் உலா’ மற்றொரு சான்று. 1990 நவம்பரில் நடந்த மாங்குளம் முகாம் தாக்குதலுக்குச் செல்லும் அணியின் பயணத்தைச் சொல்லும் சிறு நூல். இருபது வயதில், 1992இல், அவர் இறந்தபின் நூலாகி, 2013இல் ஆங்கிலத்திலும் வந்தது. உலா என்பது நமது பழைய பிரபந்த வகை. மன்னன் யானைமீது பவனி வர, ஏழு பருவத்துப் பெண்கள் மயங்கிப் பாடுவது. மலரவனின் உலாவிலோ சேறும் பசியும் வழியோரத்து ஏழைக் குடும்பங்களும் வருகின்றன. அரண்மனை வகையொன்றை அந்தப் பையன் வன்னியின் கிரவல் பாதையில் இறக்கிவிட்டான். நூலின் அரசியல் முழுவதையும் நாம் ஏற்கவில்லை. எதிரியின் முகத்தை அது காணவில்லை என்ற குறையும் நமக்கு உண்டு. ஆனாலும் அங்கே மனிதர்கள் சாப்பிடுகிறார்கள், நனைகிறார்கள், பயப்படுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னர் எழுதப்பட்ட குறிப்புகளில் அவர்கள் சாவது ஒன்றைத்தவிர வேறெதுவும் செய்வதில்லை.

குறிப்பே எழுதப்படாதவர்களையும் இங்கே சொல்லவேண்டும். வானதி இறந்த சில வாரங்களில், அதே 1991 ஓகஸ்ட் இறுதியில், யாழ்ப்பாணத்தில் வைத்து மற்றொரு கவிஞரைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள். அவர் செல்வி, வவுனியாவின் சேமமடுவைச் சேர்ந்த வன்னிப் பெண், பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவர், ‘தோழி’ என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தியவர். 1992இல் சர்வதேச எழுத்தாளர் அமைப்பாகிய பென் அவருக்கு விருது அறிவித்தபோதும் அவர் விடுவிக்கப்படவில்லை. திரும்பி வரவேயில்லை. அவருக்குக் கல்லுமில்லை, நாளுமில்லை. ஒரே கோடைகாலத்தில் மறைந்த இரு தமிழ்க் கவிஞர்களுள் ஒருவரின் வாழ்வு ஏன் ஏட்டில் ஏறியது, மற்றவருடையது ஏன் ஏறவில்லை என்று கேட்காத இலக்கிய விமர்சனம் நமக்கு எதற்கு?

இந்த நோய் தேசியவாதிகளுக்கு மட்டும் உரியதென்று இடதுசாரிகளாகிய நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். கிறிஸ்தோபர் கோட்வெல்லை நாம் எப்படிப் போற்றிவந்தோம்? ‘மாயையும் யதார்த்தமும்’ எழுதிய மார்க்சிய மேதை, ஸ்பானியக் குடியரசுக்காக 1937 பிப்ரவரி 12 அன்று ஹராமாவில் இருபத்தொன்பது வயதில் உயிர்நீத்தவர் என்று. அவர் வயிற்றுப்பாட்டுக்காகத் துப்பறியும் நாவல்களும் விமானம் பற்றிய சில்லறைப் புத்தகங்களும் எழுதித் தள்ளியவர் என்பதைச் சொல்ல நமக்குக் கூச்சம். அச்சுக்குப் போயிருந்த நூலைக் காட்டி அவரைத் திருப்பியழைக்கச் சகோதரர் பட்ட பாட்டைச் சொல்லவும் நாம் விரும்புவதில்லை. அழைப்புப் போய்ச் சேருமுன் அவர் இறந்துவிட்டார். சகோதரரின் அந்த முயற்சியைச் சேர்த்துச் சொன்னால் தியாகத்தின் ஒளி மங்கிவிடும் என்று அஞ்சினோம் போலும்! வீட்டார் பிள்ளையைத் திரும்பக் கேட்பது நமக்கும் இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கிறது.

2009க்குப் பின் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. கிளிநொச்சி கனகபுரமும் அவற்றுள் ஒன்று. கல்லறையை இடித்தவர்கள் இறந்தவனின் கொடியை மட்டும் இடித்ததாக நினைத்தார்கள்; ஒரு தாய் அழுவதற்கென்று இருந்த ஆறடி நிலத்தை இடித்தார்கள். 2016 நவம்பர் முதல் மக்கள் அங்கே மறுபடியும் கூடுகிறார்கள். எந்தக் கல் எந்தப் பிள்ளையுடையது என்று தெரியாமல், உடைந்த கற்குவியலின் முன் படத்தை வைத்து விளக்கேற்றுகிறார்கள். அந்நாளில் கண்டாவளை வயல்களில் நெல் முழங்கால் அளவுக்கும் வந்திராது. பசளை போடும் காலம். பகலில் வயலில் நின்றுவிட்டு மாலையில் சேலை மாற்றிக்கொண்டு பேருந்தேறுகிறார்கள்.

விளக்கேற்றி முடிந்ததும் அந்தப் பெண்கள் உடனே எழுந்து போவதில்லை. ஈரத்தரையில் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். அவனுக்குப் புளிக்கறி பிடிக்காது; அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லி அந்த வருடமும் நெல் பொய்த்துவிட்டது; கடைசியாக வந்தபோது கதவுக்கு வெளியே நின்றே தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். மேடையில் ஒலிபெருக்கி வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் படிப்பிக்கும் ஆசிரியர்களும் அங்கே படிக்கும் மாணவர்களும் அக்கூட்டத்தில் இருக்கிறார்கள். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டி அந்தப் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அந்தத் தாய்மாரிற் பலர் எழுபதைக் கடந்துவிட்டார்கள்.